டிக்கெட் போடாமல் டேட்டா: டெவலப்பர்கள் தேடி வரும் பிளாட்ஃபார்மைக் கட்டுவது எப்படி

ஆர்டர் சர்வீஸைப் பார்த்துக்கொள்ளும் டீமுக்கு ஒரு தேவை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இருக்கும் ஆர்டர் டேபிள் அனலிட்டிக்ஸ் பக்கம் வந்தால், ரீஃபண்ட் எங்கே கூடுகிறது என்று பார்க்கலாம். டேட்டா டீமுக்கு டிக்கெட் போடுகிறார்கள். எந்த டேட்டாபேஸ் என்று கேள்வி வருகிறது, பதில் போகிறது. அனுமதிக்கு இன்னொரு டிக்கெட். இரண்டாவது வாரம் டேபிள் வந்து சேர்கிறது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் புரியாத எழுத்துகள். மூன்றாவது டிக்கெட். இதற்குள் அந்த டெவலப்பர் புரொடக்‌ஷன் ரெப்ளிகாவில் நேராக க்வெரி ஓட்டி, சிஎஸ்வி எடுத்து, வேலையை முடித்திருப்பார். அந்தக் குறுக்குவழிதான் உங்கள் பிளாட்ஃபார்முக்கு உண்மையான போட்டி. அதைவிட எளிதாக இல்லாத எதையும் யாரும் தொட மாட்டார்கள்.

டிக்கெட் போடாமல் டெவலப்பரே டேட்டாவை எடுத்துக்கொள்ளும் சுயசேவை என்றதும் பலரும் முதலில் ஒரு போர்ட்டலைக் கட்டத் தொடங்குகிறார்கள். போர்ட்டல் கடைசியில் வரட்டும். முதலில் ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை யாருடைய கையும் படாமல் ஓடச் செய்யுங்கள். பிழை வந்தால் டெவலப்பரே சரிசெய்வதும், டேபிள் வேண்டாம் என்றால் அவரே எடுத்துவிடுவதும் அந்தப் பாதையிலேயே இருக்க வேண்டும். பாதியில் நின்று "இனி டேட்டா டீமைக் கேளுங்கள்" என்று சொல்லும் பத்துப் பாதைகளைவிட, முழுமையான ஒரு பாதை மேல்.

டிக்கெட்டைப் படிப்பதுதான் முதல் வேலை

கடந்த 3 மாத டிக்கெட்டுகளையும், சாட்டில் வந்த "ஒரு சின்ன உதவி" வகைக் கேள்விகளையும் ஒரு ஷீட்டில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரங்கள் போதும்: என்ன கேட்டார்கள், எத்தனை முறை பதில் போய் வந்தது, கேட்ட நேரத்திலிருந்து அவர்கள் கையில் முதல் க்வெரி ரிசல்ட் வர எவ்வளவு நேரம் ஆனது. பெரும்பாலானவை நாலைந்து வகைக்குள் அடங்கும்: புதிய டேபிள் வேண்டும், அனுமதி வேண்டும், பைப்லைன் நின்றுவிட்டது, இந்த எண்ணும் அந்த எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். எண்ணிக்கையைக் காத்திருந்த நேரத்தால் பெருக்கி, அதில் முதலில் வருவதை எடுங்கள்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொள்ளும் பாதை, பல இடங்களில் முதலில் வருவது: சர்வீஸின் போஸ்ட்கிரஸ் டேபிளை அனலிட்டிக்ஸுக்குக் கொண்டுவருவது. உள்ளே இருக்கும் பாகங்கள் நான்கு. போஸ்ட்கிரஸில் நடக்கும் மாற்றங்களைப் படிக்க டெபீசியம், கொண்டுசெல்ல காஃப்கா, எஸ்3 போன்ற ஸ்டோரேஜில் டேபிளாக வைத்திருக்க ஐஸ்பெர்க், க்வெரிக்கு ட்ரினோ. வேறு கருவிகள் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வடிவம் இதேதான்.

டெவலப்பர் எழுத வேண்டிய ஒரே கோப்பு

கோரிக்கை என்பது சர்வீஸின் சொந்த ரெப்போவில், கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு யாமல் கோப்பு. அதில் இருக்க வேண்டியவை: டேபிளின் பெயர், பொறுப்பான டீம் (ஆளின் பெயர் வேண்டாம், ஆள் மாறிவிடுவார்), எந்தெந்த ஃபீல்டுகள் வர வேண்டும், அவற்றில் எவை தனிநபர் விவரம், டேட்டா எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், எதற்காக. புதுமைக்கு மூன்றே தேர்வுகள் கொடுங்கள்: 15 நிமிடம், 1 மணி நேரம், 1 நாள். "ரியல் டைம்" என்ற தேர்வைக் கொடுத்தால் எல்லாரும் அதையே எடுப்பார்கள். செலவு ஏறும், பயன் இருக்காது.

எதைக் கேட்கக்கூடாது என்பது இன்னும் முக்கியம். காஃப்கா பார்ட்டிஷன் எத்தனை, ரெப்ளிகேஷன் ஸ்லாட்டின் பெயர் என்ன, ஸ்டோரேஜ் பக்கெட்டில் எந்தப் பாதை என்ற கேள்விகளுக்கு ஆர்டர் டீமின் டெவலப்பரிடம் பதில் இல்லை. பதில் தெரியாத ஒவ்வொரு கேள்வியும் ஒரு டிக்கெட்டாக உங்களிடமே திரும்பி வரும். அவற்றை நீங்களே தீர்மானியுங்கள். சாதாரண டேபிளுக்கு 6 பார்ட்டிஷன், 3 பிரதி, குறைந்தது 2 பிரதியில் எழுதினால்தான் ஏற்பது, 7 நாள் சேமிப்பு என்று தொடங்கினால் போதும். அந்த 7 நாள் காஃப்காவின் வழக்கமான அளவும்கூட. மாற்ற வேண்டிய தேவை உண்மையாகவே வரும் சிலருக்கு, அதே கோப்பில் "மேம்பட்ட அமைப்பு" என்று ஒரு பகுதியைத் திறந்து வையுங்கள்.

வெப் ஃபார்முக்குப் பதிலாக ஏன் கோப்பு? ரிவ்யூ செய்யலாம், பழைய நிலைக்குத் திருப்பலாம், யார் எப்போது ஏன் மாற்றினார் என்பது கிட்டில் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. டெவலப்பர்கள் டாக்குமென்டேஷனைப் படிப்பதற்கு முன் பக்கத்து டீமின் கோப்பைக் காப்பியடிப்பார்கள். அது நல்ல பழக்கம், அதற்குத் தோதாகக் கட்டுங்கள். முதல் இரண்டு மூன்று கோப்புகளை நீங்களே உட்கார்ந்து செம்மையாக எழுதிக் கொடுத்தால், அடுத்த ஐம்பதும் அதே அழகில் வரும். முதல் கோப்பில் ஒரு தப்பு இருந்தாலும் ஐம்பதிலும் அது இருக்கும்.

பிழைச் செய்தியே டாக்குமென்டேஷன்

புல் ரிக்வெஸ்ட் திறந்ததும் சோதனைகள் ஓடி 2 நிமிடத்துக்குள் பதில் வர வேண்டும். அதற்கு மேல் போனால் டெவலப்பர் வேறு வேலைக்குப் போய்விடுவார், திரும்பி வர மறுநாள் ஆகும். சோதிக்க வேண்டியவை: டேபிள் உண்மையிலேயே இருக்கிறதா, பிரைமரி கீ இருக்கிறதா, ஃபீல்டுகளின் வகைகளை நம் பாதை தாங்குமா, மொபைல், ஈமெயில், ஆதார், பான் போன்ற பெயருள்ள ஃபீல்டு தனிநபர் விவரம் என்று குறிக்கப்படாமல் விடுபட்டிருக்கிறதா.

பிரைமரி கீ சோதனையை விட்டுவிடாதீர்கள். கீ இல்லாத டேபிளைப் போஸ்ட்கிரஸ் பப்ளிகேஷனில் (மாற்றங்களை வெளியே அனுப்பும் டேபிள்களின் பட்டியல்) சேர்த்துவிட்டால், ரெப்ளிகா ஐடென்டிட்டி (மாறிய ரெக்கார்டை எதை வைத்து அடையாளம் காண்பது என்ற அமைப்பு) அமைக்கப்படாத வரை அந்த டேபிளில் அப்டேட்டும் டெலீட்டும் பிழையாகி நிற்கும். அதாவது அனலிட்டிக்ஸுக்காகச் செய்த மாற்றம் ஆர்டர் சர்வீஸையே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அந்த டீம் உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காது.

பிழைச் செய்தியில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன தவறு, ஏன் அது தவறு, இப்போது எதை டைப் செய்ய வேண்டும். "வேலிடேஷன் தோல்வி" என்பது செய்தியே அல்ல. இப்படி இருக்க வேண்டும்: "ரீஃபண்ட் டேபிளில் பிரைமரி கீ இல்லை. கீ இல்லாமல் எந்த ரெக்கார்டு மாறியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஐடி ஃபீல்டில் வெற்று மதிப்போ இரட்டிப்போ இல்லை. கீழே உள்ள மைக்ரேஷனைச் சேர்த்தால் போதும்." அந்த மைக்ரேஷனையும் செய்தியிலேயே ஒட்டிக் கொடுங்கள். சாட்டில் ஒரே கேள்வி இரண்டாவது முறை வந்தால், பதிலை விக்கியில் எழுதுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கிளப்பிய பிழைச் செய்தியைத் திருத்துங்கள்.

இதே சோதனையின் மறுபக்கம் சர்வீஸின் மைக்ரேஷன்களில் ஓட வேண்டும். யாராவது ஒரு ஃபீல்டை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ, அது யாமல் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்து, "இதை இந்த 2 டீம்கள் பயன்படுத்துகின்றன" என்று அந்தப் புல் ரிக்வெஸ்ட்டிலேயே சொல்ல வேண்டும். இரவு 2 மணிக்கு உடையப்போகும் பைப்லைனைப் பகல் 3 மணிக்குத் தடுப்பது இந்த ஒரு வரிதான்.

அடியில் உடையும் இடங்கள்

டெவலப்பர் கண்ணுக்குத் தெரியாத பகுதி இது. இங்கே நீங்கள் கவனமாக இருந்தால்தான் மேலே எளிமை நிற்கும்.

டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரஸ் முதலில் எழுதிவைக்கும் லாக்குக்கு வால் (WAL) என்று பெயர். போஸ்ட்கிரஸில் வால் லெவல் என்ற அமைப்பை லாஜிக்கல் என்று மாற்ற வேண்டும். அதற்கு ரீஸ்டார்ட் தேவை. ஒவ்வொரு டீமும் வரும்போது ரீஸ்டார்ட் கேட்டால் சுயசேவை அங்கேயே செத்தது. எல்லா டேட்டாபேஸ்களுக்கும் முன்கூட்டியே, வழக்கமான பராமரிப்பு நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

மிகப் பெரிய ஆபத்து ரெப்ளிகேஷன் ஸ்லாட், அதாவது டெபீசியம் எதுவரை படித்திருக்கிறது என்று போஸ்ட்கிரஸ் வைத்திருக்கும் குறி. டெபீசியம் படித்து முடிக்காத வால் லாக்கைப் போஸ்ட்கிரஸ் அழிக்காது, காத்து வைத்திருக்கும். டெபீசியத்தின் கனெக்டர் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நின்றது, டிஸ்க்கில் 100 ஜிபி இடம் இருக்கிறது, மணிக்கு 5 ஜிபி வால் எழுதப்படுகிறது என்று வையுங்கள். சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு டிஸ்க் நிரம்பி புரொடக்‌ஷன் டேட்டாபேஸ் நின்றுவிடும். போஸ்ட்கிரஸ் 13 முதல், ஸ்லாட் பிடித்துவைக்கும் வாலுக்கு உச்ச வரம்பு வைக்க மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு வரம்பின்மை என்பதால், நீங்கள் வைக்காவிட்டால் பாதுகாப்பு இல்லை. காலியிடத்தில் பாதியை வரம்பாக வைத்து, கால் பங்கைத் தொட்டதும் உங்கள் டீமுக்கு அலாரம் வரச் செய்யுங்கள். வரம்பு தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகி, டேபிளை முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் ஆர்டர் நிற்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை.

இதற்கு ஒரு வினோதமான தம்பி உண்டு. ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ்கள்: ஒன்றில் ஓயாத எழுத்து, நாம் படிக்கும் மற்றொன்றில் அமைதி. வால் இரண்டுக்கும் பொது. அமைதியான டேட்டாபேஸில் மாற்றமே வராததால் ஸ்லாட் முன்னேறாது. கனெக்டர் நலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நிரம்பும். டெபீசியத்தின் ஹார்ட்பீட்டை இயக்கி, அந்த டேட்டாபேஸில் ஒரு குட்டி டேபிளில் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதவைத்தால் தீர்ந்தது. ஃபெயிலோவரையும் (பிரைமரி சர்வர் விழுந்ததும் ஸ்டாண்ட்பை என்ற மாற்று சர்வர் பொறுப்பேற்பது) யோசியுங்கள்: லாஜிக்கல் ஸ்லாட்டை ஸ்டாண்ட்பைக்கும் கொண்டுசெல்லும் வசதி போஸ்ட்கிரஸிலேயே 17ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், பிரைமரி மாறியதும் ஸ்லாட் காணாமல் போகும் என்று எதிர்பார்த்தே மீட்பு முறையை எழுதி வைத்திருக்க வேண்டும்.

தொகை ஃபீல்டில் புரியாத எழுத்து வந்ததே, அதன் காரணம் இது: நியூமெரிக் வகையை டெபீசியம் இயல்பாக பைட்டுகளாக அனுப்பும், ஜேசனில் அது பேஸ்64 எழுத்தாகத் தெரியும். ஸ்ட்ரிங்காக அனுப்பும்படி அமைத்து, ஐஸ்பெர்க்கில் எழுதும்போது டெசிமலாக மாற்றுங்கள். டபுளாக மாற்றும் தேர்வும் இருக்கிறது. பணத்துக்கு அதைத் தொடாதீர்கள், பைசாக் கணக்கு கெடும். நீளமான டெக்ஸ்ட் அல்லது ஜேசன் ஃபீல்டு மாறாமல் மற்ற ஃபீல்டு மட்டும் மாறினால், அந்த நீள மதிப்பு நிகழ்வில் வராது. அதற்குப் பதிலாக ஓர் அடையாளச் சொல் வரும். அதைக் கண்டால் பழைய மதிப்பை அப்படியே விடும்படி உங்கள் எழுதும் நிரலைச் செய்யாவிட்டால், நல்ல டேட்டாவின் மேல் அந்தச் சொல் போய் உட்கார்ந்துவிடும்.

நேரத்தைப் பற்றி இந்திய டீம்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்பை டெபீசியம் யூடிசி என்றே எடுத்துக்கொள்ளும். சர்வீஸ் அதில் இந்திய நேரத்தை எழுதியிருந்தால் எல்லா நேரமும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். அது சரியாக இருந்தாலும் இன்னொரு குழி இருக்கிறது: ஐஸ்பெர்க்கின் நாள் பார்ட்டிஷன் யூடிசி கணக்கு. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் போய் விழும். ஃபைனான்ஸ் டீமின் தினசரி மொத்தமும் உங்கள் மொத்தமும் ஒத்துப்போகாததற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. டேட்டா உள்ளே வரும்போதே இந்திய நேரப்படி "வணிக நாள்" என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்து, அதை வைத்துப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து வையுங்கள்.

ஐஸ்பெர்க்கில் அடிக்கடி எழுதினால் சின்னச் சின்னக் கோப்புகள் குவியும். நிமிடத்துக்கு ஒரு கமிட் என்றால் ஒரு நாளைக்கு 1440. 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 144. 15 நிமிடப் புதுமைக்கு இரண்டாவதே போதும். கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலையைத் தினமும் ஓட்டுங்கள் (ஐஸ்பெர்க்கின் இயல்பு இலக்கு அளவு 512 எம்பி), பழைய ஸ்னாப்ஷாட்களை (ஒவ்வொரு கமிட்டின்போதும் பதிவாகும் டேபிளின் நிலை) நீக்கிக்கொண்டே இருங்கள். இதை டேபிள் உரிமையாளரிடம் விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். மூன்றாவது மாதம் "ட்ரினோ ரொம்ப ஸ்லோ" என்ற புகார் மட்டும் வரும்.

அனுமதி

இங்குதான் பல நல்ல பிளாட்ஃபார்ம்கள் மறுபடி டிக்கெட்டுக்குள் விழுகின்றன. வழி எளிது: தனிநபர் விவரம் என்று குறிக்கப்படாத ஃபீல்டுகள் நிறுவனத்தில் எல்லாருக்கும் படிக்கத் திறந்திருக்கட்டும். குறிக்கப்பட்டவை மறைக்கப்பட்டே தெரியட்டும். ட்ரினோவில் ஃபீல்டு வாரியாக மறைக்க முடியும். மறைவு நீங்க வேண்டுமானால் கோரிக்கை, டேபிளின் உரிமையாளர் டீமுக்கு சாட்டில் போக வேண்டும். ஒப்புதல் தந்தால் 90 நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும். டேட்டா டீம் இந்த வழியில் எங்கும் நிற்கக்கூடாது. அந்த ஃபீல்டை யார் பார்க்கலாம் என்று அவர்களுக்கு எப்படியும் தெரியாது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் விவரத்தை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதனால் அழிப்பையும் பாதையின் ஒரு பகுதியாகக் கட்டுங்கள். ஐஸ்பெர்க்கில் டெலீட் ஓட்டினால் மட்டும் ரெக்கார்டு மறைவதில்லை. அமைப்பைப் பொறுத்து, அழிந்தது என்ற குறிப்பு மட்டுமே எழுதப்படலாம். பழைய ஸ்னாப்ஷாட் பழைய கோப்பைப் பிடித்தே வைத்திருக்கும். வரிசை இதுதான்: டெலீட், கோப்புகளை மறுபடி எழுதுதல், ஸ்னாப்ஷாட் காலாவதி. பக்கெட்டில் வெர்ஷனிங் இருந்தால் பழைய வெர்ஷன்களை நீக்கும் விதியும் சேர வேண்டும். காஃப்காவின் 7 நாளையும் கணக்கில் கொள்ளுங்கள்.

செலவு

கட்டுப்பாடு இல்லாத சுயசேவை முதல் பில் வந்ததும் மூடப்படும். எஸ்3 டேட்டாவில் க்வெரி ஓட்டும் சேவையான அமேசான் அதீனாவின் பரவலான விலை ஒரு டெராபைட் ஸ்கேனுக்கு 5 டாலர். 2 டெராபைட் டேபிளை முழுதாகப் படிக்கும் ஒரு டாஷ்போர்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் நாளைக்கு 96 முறை. அதாவது 960 டாலர், ஒரே டாஷ்போர்டுக்கு. ஒரு க்வெரி படிக்கக்கூடிய அளவுக்கு வரம்பு வையுங்கள். அதீனாவின் ஒர்க்குரூப்பிலும் ட்ரினோவிலும் இந்த வசதி இருக்கிறது. வரம்பில் முட்டியவருக்கு "மறுக்கப்பட்டது" என்று மட்டும் சொல்லாமல், "வணிக நாள் ஃபீல்டில் வடிகட்டுங்கள்" என்று சொல்லுங்கள். டீம் வாரியான செலவை வாரம் ஒருமுறை அவரவர் சாட்டுக்கே அனுப்பினால், பெரும்பாலும் அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

நின்றால் யார் எழுந்திருக்க வேண்டும்

அலாரத்துக்கு முன் வகைப்படுத்துங்கள். கனெக்டர், காஃப்கா, ஸ்டோரேஜ் என்றால் பிளாட்ஃபார்ம் டீம். சர்வீஸ் பக்கம் ஸ்கீமா மாறியது, கட்டாய ஃபீல்டில் வெற்று மதிப்பு வந்தது என்றால் உரிமையாளர் டீம். இரண்டு பேருக்கும் சேர்த்து அனுப்பினால் இருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விடுவார்கள். உரிமையாளருக்குப் போகும் அலாரத்தில் எந்த கமிட்டுக்குப் பிறகு உடைந்தது, மறுபடி ஓட்ட எந்த பட்டன் என்பவை இருக்க வேண்டும். ஒரு ரன்னை இரண்டு முறை ஓட்டினாலும் ரெக்கார்டு இரட்டிக்காதபடி, கீயை வைத்து மெர்ஜ் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பட்டனை அழுத்த எல்லாரும் பயப்படுவார்கள்.

வேலைகளை நேரப்படி ஓட்டும் கருவியான ஏர்ஃப்ளோ 2ஐப் பயன்படுத்துபவர்கள் கேட்ச்அப் (விட்டுப்போன பழைய ரன்களையும் ஓட்டுவது) அமைப்பை உங்கள் டெம்ப்ளேட்டிலேயே அணைத்து வையுங்கள். அது இயல்பாகவே இயங்கும் நிலையில் வரும். தொடக்கத் தேதியை ஒரு வருடம் முன்னால் போட்ட தினசரி வேலை, திறந்துவிட்டதும் 365 ரன்களை வரிசையில் நிறுத்தும். ஏர்ஃப்ளோ 3இல் இயல்பு மதிப்பையே மாற்றிவிட்டார்கள்.

முதல் இரண்டு டீம்கள்

எல்லாருக்கும் மெயில் போட்டு அறிவிக்காதீர்கள். இரண்டு டீம்களை எடுங்கள்: ஒன்று சாதாரண டேபிள் உள்ளது, இன்னொன்று உங்களுக்கு உறுத்தும் டேபிள் உள்ளது. அவர்கள் கோப்பை எழுதும்போது பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். எங்கே கை நிற்கிறது, எங்கே வேறு டேபைத் திறந்து தேடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்தால் அந்த இடத்தில் உள்ள குறை அடுத்தவருக்கும் அப்படியே இருக்கும். லேப்டாப்பில் டாக்கரில் முழுப் பாதையையும் ஒரே கட்டளையில் எழுப்பிப் பார்க்கும் வசதியை இந்தக் கட்டத்திலேயே கொடுங்கள். மெர்ஜ் செய்வதற்கு முன் தன் டேபிள் எப்படி வந்து நிற்கும் என்று கண்ணால் பார்த்தவருக்குத்தான் நம்பிக்கை வரும்.

அளக்க வேண்டியவை: மெர்ஜிலிருந்து முதல் க்வெரி வரை எவ்வளவு நேரம், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் முடித்தவர்கள் எத்தனை பேர், இரண்டாவது டேபிளுக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். மூன்றாவதைத்தான் நான் அதிகம் நம்புவேன். முதல் முறை மேலாளர் சொல்லி வருவார்கள், இரண்டாவது முறை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இவை சரியான திசையில் நகரத் தொடங்கிய பிறகு போர்ட்டலுக்கு வாருங்கள். ஸ்பாட்டிஃபை 2020இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட டெவலப்பர் போர்ட்டல் கருவி பேக்ஸ்டேஜ், அதே ஆண்டு லிங்க்ட்இன் வெளியிட்ட டேட்டா கேட்டலாக் டேட்டாஹப் இரண்டுமே நல்லவை. விவரங்களை யாமல் கோப்புகளிலிருந்து தானாக நிரப்புங்கள். கையால் நிரப்பிய கேட்டலாக் சில மாதங்களில் பொய் சொல்லத் தொடங்கும்.

வெளியேறும் வழியையும் அதே கோப்பில் வையுங்கள். கோப்பை நீக்கியதும் டேபிளைப் படிப்பவர்களுக்குத் தகவல் போகட்டும், 14 நாள் டேபிள் அப்படியே இருக்கட்டும், பிறகு டேட்டாவும் காஃப்கா டாபிக்கும் போகட்டும். அந்த டேட்டாபேஸில் அதுவே கடைசி டேபிள் என்றால் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டையும் நீக்குங்கள். கனெக்டரை மட்டும் அழித்து ஸ்லாட்டை மறந்தால், படிக்க ஆளில்லாத அந்த ஸ்லாட் வால் லாக்கைச் சேர்த்துக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை மாலைக் கணக்கு அன்றே தொடங்கிவிடும்.